உள்ளே இருந்தது இரண்டு ரயில்

(இணையவழிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ரங்கூனிலிருந்து பேசுகிறேன். இங்கே மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நடுவில் என் முகம் மறைந்துவிட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கல்லூரியில் இலக்கியம் படித்தவள் அல்ல. நர்சிங் டிப்ளமோ வாங்கிக்கொண்டு வார்டுக்குள் போனவள். இன்று பேசப்போவதோ தகவல் தொடர்புப் பொறியாளர்களின் ஒரு பழக்கத்தைப் பற்றி. இரண்டு கருவிகள் ஒன்றோடொன்று பேசவேண்டும் என்றால், அந்தப் பேச்சின் விதிகளைக் கணக்குப்போல ஐயமில்லாமல் எழுதிவைத்து, கருவியைக் கட்டுவதற்கு முன்பே அதில் ஓட்டை தேடுவார்கள். முறைசார் விவரக்குறிப்பு என்று தமிழில் சொல்லலாம். ஒரு நர்ஸுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு இரவுப் பணிதான் காரணம்.

பல வருடங்களுக்கு முன் நடந்தது. என் வார்டில் ஒருவருக்கு இன்சுலின் போட்டு முடித்திருந்தேன். பிறகு டாக்டர் இன்னொருவருக்கும் எழுதினார். அந்தத் தாளை என் மேசையில் வைத்துவிட்டுக் கீழ்த்தளத்துக்குப் போன தோழி, அங்கிருந்து போன் செய்தாள். "அமா, இன்சுலின் போட்டாச்சா?" என்று பர்மிய மொழியில் கேட்டாள். அமா என்றால் அக்கா. தாளை நான் பார்க்கவில்லை. "போட்டாச்சு" என்றேன். யாருக்கு என்று சொல்லாமலே பர்மிய மொழியில் அந்த வாக்கியம் முழுமையாகிவிடும். தமிழிலும் அப்படித்தானே? இரண்டாமவர் ஊசியில்லாமல் விடியும்வரை கிடந்தார். காலையில் சர்க்கரை ஏறியிருந்தது. தேவகிருபையால் தேறிவிட்டார்.

அவள் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு தவறு எங்கே இருந்தது?

இந்தக் கேள்வியோடுதான் தந்தியின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். எங்கள் ஊர் பான்சோடான் தெருவில் பிரிட்டிஷ் காலத்து மத்தியத் தந்தி நிலையம் இன்றும் நிற்கிறது. அந்தக் கட்டடத்துக்கு வெகு முன்பே, மாண்டலேயில் ஆண்ட மிண்டோன் மன்னர் காலத்தில் (1853–1878) பர்மிய எழுத்துகளுக்கென்று மோர்ஸ் குறியீடு அமைத்திருக்கிறார்கள். எழுத்துக்குக் குறி கிடைத்துவிட்டால் பேச்சு சரியாகப் போய்ச் சேரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது போதாது என்று எனக்குக் காட்டியது இங்கிலாந்தில் உள்ள ஒரு ரயில் சுரங்கம்.

1861 ஆகஸ்ட் 25, ஞாயிறு காலை. பிரைட்டனிலிருந்து லண்டனுக்குப் போகும் பாதையில் கிளேட்டன் சுரங்கம். தெற்கு வாயிலில் ஹென்றி கில்லிக், வடக்கு வாயிலில் பிரவுன். இருவருக்கும் நடுவில் ஒரு முள் தந்திக் கருவி. "ரயில் உள்ளே", "சுரங்கம் காலி", "காலியா?" என்ற அளவுக்குத்தான் அதில் பேச முடியும். முதல் ரயில் நுழைந்தது. அதன் பின்னால் தானாகச் சிவப்புக்கு மாறவேண்டிய கைகாட்டி மாறவில்லை. அதற்குள் இரண்டாம் ரயில் வந்துவிட்டது. கில்லிக் சிவப்புக் கொடியோடு ஓடிவந்து ஆட்டினார். ரயில் நிற்காமல் உள்ளே போய்விட்டது. ஓட்டுநர் கொடியைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. கில்லிக் தந்தியில் "காலியா?" என்று கேட்டார். அதே நேரத்தில் முதல் ரயில் வடக்கே வெளியே வந்தது. "காலி" என்றார் பிரவுன். அவர் சொன்னது முதல் ரயிலை. கில்லிக் புரிந்துகொண்டது இரண்டாவதை. மூன்றாம் ரயிலுக்கு வெள்ளைக் கொடி காட்டினார். உள்ளேயோ, சிவப்புக் கொடியைப் பார்த்துவிட்ட இரண்டாம் ரயிலின் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, பின்னோக்கி நகர்த்திக்கொண்டிருந்தார். 23 பேர் இறந்தார்கள். 176 பேர் காயமடைந்தார்கள்.

கில்லிக் அன்று 24 மணி நேரப் பணியில் இருந்தார். வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு கிடைப்பதற்காக அப்படி. இரட்டைப் பணி பார்த்த எந்த நர்ஸுக்கும் இது புரியும். ஆனால் அவர் நன்றாக உறங்கி எழுந்து வந்திருந்தாலும், "உள்ளே இரண்டு" என்று சொல்ல அந்தக் கருவியில் வழி இல்லை.

இதைப் பொறியாளர்கள் எப்படி எழுதுவார்கள்? ஒரு அட்டவணை போடுவார்கள். சுரங்கத்தில் ரயில் இல்லை, ஒன்று, இரண்டு என்று ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வரி. வரக்கூடிய ஒவ்வொரு செய்திக்கும் ஒரு பத்தி. எல்லாக் கட்டங்களையும் நிரப்பியாக வேண்டும். "இரண்டு" என்ற வரியில் "காலி" வந்தால் என்ன செய்வது? கட்டம் வெறுமையாக நிற்கும். அந்த 23 பேரும் அந்த வெறும் கட்டத்தில்தான் இறந்தார்கள்.

நிலைகள் கூடினால் மனிதக் கண்ணால் எல்லாக் கட்டத்தையும் பார்க்க முடியாது. 1978இல் சூரிக்கில் ஐ.பி.எம். ஆய்வகத்தின் காலின் வெஸ்டும் பிட்ரோ சாஃபிரோபுலோவும் அந்தத் தேடலைக் கணினியிடம் கொடுத்தார்கள். எடுத்துக்கொண்டது எக்ஸ்.21. தரவு வலையமைப்போடு கருவிகள் இணைவதற்குப் பன்னாட்டு நிபுணர் குழு வகுத்த விதி அது. இரு பக்கத்து நிலைகளையும் கணினி சேர்த்துச் சேர்த்துப் பார்த்தது. வரக்கூடிய செய்திக்கு என்ன செய்வது என்று சொல்லாமல் விட்ட இடங்கள் வெளியே வந்தன. அறிஞர்கள் கூடி எழுதிய விதியிலும் வெறும் கட்டங்கள்!

இதில் நம் ஊர்ப் பங்கும் உண்டு. தொலைத்தொடர்புத் துறையினர் செய்தித் தொடர் வரைபடம் என்று ஒன்று போடுவார்கள். ஆளுக்கு ஒரு செங்குத்துக் கோடு, செய்திக்கு ஒரு அம்பு. படத்தில் எல்லாம் தெளிவாக இருக்கும். ஆனால் கோட்டில் நிற்பவருக்கு முழுப் படம் தெரியாது, தன் கோடுதான் தெரியும். இப்படிப்பட்ட படங்களின் தொகுப்பை எல்லைக்குட்பட்ட நினைவுள்ள இயந்திரங்கள் எப்போது நடத்திக்காட்ட முடியும் என்பதைச் சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த், கே. நாராயண் குமார் ஆகியோர் பி. எஸ். தியாகராஜன் முதலியோரோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். 2005இல் வெளியான அவர்களுடைய கட்டுரை அந்தத் துறையில் ஒரு அடிப்படை.

தன் கோடு மட்டும் தெரிந்தவர்கள்! அன்று இரவு நானும் என் தோழியும் அப்படித்தான் இருந்தோம்.

விதி எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. யாரும் நினைத்துப் பார்க்காத நிலைக்கு அட்டவணையில் வரியே இருக்காது. அதனால்தான் "இப்படி நடந்தால் என்ன செய்வது?" என்று சலிக்காமல் கேட்கும் ஒருவர் எல்லா இடத்திலும் வேண்டும். அவரைத் தொல்லை என்று நினைக்காதீர்கள்.

இப்போது என்னிடம் வேலை பழகவரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். "போட்டாச்சு" என்று மட்டும் சொல்லாதே. கட்டில் எண், பெயர், மருந்து, அளவு, நேரம் சொல். எதிரில் இருப்பவர் அதைத் திரும்பச் சொல்லும்வரை போனை வைக்காதே.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மின்சாரம் இருக்கும்வரை பதில் சொல்கிறேன்.