தோளும் சுமையும்



பத்துப்பாட்டில் அளவாற் சிறியது நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு. அதன் பாசறைக் காட்சியில் யவன வீரர் வருகின்றனர். அவர்களது வலிமையை மாத்திரம் சொல்லிப் புலவர் நின்றுவிடவில்லை. இறுக உடுத்த உடை, மேனியை மூடிய சட்டை, இடையிலே வளைத்துச் சுற்றிய குதிரைச் சவுக்கு என்பவற்றையும் நுணுகிக் கண்டிருக்கிறார். மேற்றிசைக் கிரேக்கரையும் உரோமரையும் சங்கப் புலவர் யவனர் என்றே அழைத்தனர். அந்த உரோமப் போர்வீரன் எதைச் சுமந்தான், எப்படிச் சுமந்தான் என்பதே இன்றைய நமது பொருள்.

கி.மு. 107 இல் கொன்சல் பதவியேற்ற மாரியஸ், படையின் பின்னே நீண்டு சென்ற சுமைவிலங்குகளைக் குறைக்க விரும்பினார். வீரனுடைய உணவையும் கலங்களையும் பொதியாகக் கட்டி, கவட்டுக் கம்பொன்றில் மாட்டித் தோளில் ஏற்றினார். வீரருக்கு ‘மாரியஸின் கோவேறு கழுதைகள்’ என்ற பட்டப்பெயர் கிடைத்தது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் ஜொசீபஸ் என்ற வரலாற்றாசிரியர் தரும் பட்டியலில் வாள், ஈட்டிகளோடு வாள்அரம், கூடை, மண்வெட்டும் கருவி, கோடரி, தோல்வார், அரிவாள், சங்கிலி, மூன்று நாள் உணவு என்பன இடம்பெறுகின்றன. போரிடுவதற்கு வேண்டியவற்றிலும் அரண் அமைப்பதற்கு வேண்டியவையே அதிகம் என்பது நோக்கத்தக்கது.

ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருந்தது. இடக்கையிற் கேடயம் இருந்தமையால், காலாள் தன் குறுவாளை வலப்புறத்தே தொங்கவிட்டான். உருவும்போது கேடயம் தடையாகாது. இரும்பு வளையக் கவசத்தின்மேல் இடைவாரை இறுக்கினால், தோளின் பாரத்தில் ஒரு பங்கு இடுப்புக்கு இறங்கும். கவசத்தின் விளிம்பு கழுத்தை அறுக்காதிருக்க ஒரு துணி. கூடாரமும் திரிகையும் எண்மருக்குப் பொதுவாக ஒரு கோவேறு கழுதையின் முதுகில்.

இத்தனையும் பழக்கத்தினாலேயே தாங்கக்கூடியவை. புதிய வீரர் 60 உரோம இறாத்தல், அதாவது ஏறத்தாழ 20 கிலோ, சுமந்து நடந்து பழக வேண்டும் என்கிறார் வெஜீசியஸ். பயிற்சி தளர்ந்ததும் சுமை கனத்தது. கிராத்தியன் பேரரசர் காலத்தில் (கி.பி. 367 - 383) வீரர் முதலிற் கவசத்தையும் பின்னர் தலைச்சீராவையும் கைவிட அனுமதி கேட்டனர் என்றும், கொத்தியரின் அம்புகளுக்கு வெறும் மார்போடு இரையாயினர் என்றும் அவரே வருந்துகிறார்.

குறைந்தால் மட்டுமா கேடு? 1944 யூன் 6 இல் நோர்மண்டியின் ஒமாகா கடற்கரையில் இறங்கிய அமெரிக்க வீரர் பலர், முதுகுச் சுமையோடு ஆழ்நீரில் அமிழ்ந்து மாண்டனர். அச்சமும் உடலைக் களைப்பிக்கும். ஆகையால் களத்திலே சுமை இன்னும் குறைய வேண்டும் என்று எஸ்.எல்.ஏ. மார்ஷல் 1950 இல் நூலெழுதி வாதிட்டார்.

எதைக் கொடுப்பது, எதை விடுப்பது என்று தீர்மானிப்பவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர். தவறினால் உயிர் போவது சுமந்தவனுக்கே. முல்லைப்பாட்டின் அரசன் பாசறையில் உறக்கமின்றி இருக்கிறான். தோற்காப்பையும் துளைத்து அம்பு தைத்தமையால், தீனி தின்னாது செவி சாய்த்து நிற்கும் குதிரைகள் அவன் நினைவில் வருகின்றன. ஏவியவன் ஏவப்பட்டதன் நோவை எண்ணி விழித்திருக்கும் அந்த இரவை, படைநடத்துவோர் எக்காலத்திலும் மறக்கலாகாது.