நானூறு பேருக்கு ஒரே கடிதம்

கடன் வேண்டுமா என்கிறது ஒன்று. லாட்டரி விழுந்திருக்கிறது என்கிறது இன்னொன்று. உங்கள் மெயில் பெட்டியில் தினமும் வந்து விழும் இந்தக் குப்பைக்குப் பெயர் ஸ்பாம். இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் ஏதோ மோசடிப் பேர்வழி என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. நல்ல கம்பெனியில் வேலை பார்த்த மார்க்கெட்டிங் மேனேஜர். பெயர் கேரி துர்க்.

1978, மே மாதம். இன்றைய இன்டர்நெட் அன்று கிடையாது. அதன் தாத்தாவான அர்ப்பாநெட் இருந்தது. அமெரிக்க ராணுவத்துறையின் காசில், பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக்கூடங்களும் பேசிக்கொள்வதற்காகப் போட்ட வலை. வியாபாரத்துக்கு அங்கே இடமில்லை.

துர்க்கின் கம்பெனி டெக், அதாவது டிஜிட்டல் எக்விப்மெண்ட் கார்ப்பரேஷன். புதிய கம்ப்யூட்டர்களைக் கலிஃபோர்னியாவில் இரண்டு இடங்களில் இயக்கிக்காட்ட ஏற்பாடு. ஆள் சேர்க்க வேண்டும். தனித்தனியாக எழுதினால் எப்போது முடிவது? அர்ப்பாநெட்காரர்களின் முகவரிகள் அச்சிட்ட புத்தகமாகவே கிடைத்தன. மேற்குக் கரையில் இருப்பவர்களாகப் பொறுக்கி எடுத்தார். சுமார் 400 பேர். எல்லோருக்கும் ஒரே கடிதம். முகவரிகள் அவற்றுக்கான இடத்தில் அடங்காமல் கடிதத்துக்குள்ளேயே வழிந்தன என்பது தனிக் கூத்து!

உடனே ரகளை. இது அப்பட்டமான விதிமீறல் என்று ராணுவத் தரப்பு கண்டித்தது. ஆனால், அந்த ஒரு கடிதத்தால் 1.3 கோடி டாலருக்குக் குறையாமல் விற்பனை ஆனது என்று துர்க்கே பின்னாளில் சொன்னார்.

வம்பே இங்கேதான். தபாலில் விளம்பரம் அனுப்பினால் ஸ்டாம்ப் செலவு அனுப்புகிறவருக்கு. பத்தாயிரம் பேருக்கு அனுப்புமுன் நூறு தடவை யோசிப்பார். இ-மெயிலில் அனுப்பும் செலவு அநேகமாக ஒன்றுமில்லை. படித்து, திட்டி, அழிக்கிற வேலையெல்லாம் வாங்குகிறவர் தலையில். லாபம் ஒருத்தருக்கு, செலவு இன்னொருத்தருக்கு என்றால் யார் நிறுத்துவார்கள்?

சட்டம்தான் நிறுத்த வேண்டும் என்றார்கள். 2002-ல் ஐரோப்பிய யூனியன், தனிநபருக்கு விளம்பர மெயில் அனுப்புமுன் பொதுவாக அவருடைய சம்மதம் வேண்டும் என்றது. 2003-ல் அமெரிக்கா போட்ட சட்டம் வேறு மாதிரி. முதலில் அனுப்பிக்கொள், வேண்டாம் என்று சொன்னால் பத்து வேலை நாள்களுக்குள் நிறுத்திவிடு. அதாவது, வாசலில் வந்து நிற்பவரை விரட்டுகிற வேலை வீட்டுக்காரருக்கு!

அந்தச் சுமை இடம் மாறியது 2024 பிப்ரவரியில். கூகுளும் யாஹூவும் கறார் காட்டின. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர், அது தன்னிடமிருந்துதான் வருகிறது என்று தொழில்நுட்ப ரீதியாக நிரூபிக்க வேண்டும். ஒரே க்ளிக்கில் விலக வழி வைக்க வேண்டும். ஸ்பாம் என்று புகார் சொல்பவர்கள் ஆயிரத்துக்கு மூன்றைத் தொடக்கூடாது. தொட்டால், கேட்டு வாங்கிய வாசகருக்குப் போகிற மெயில்கூடக் குப்பைத் தொட்டியில் விழலாம்.

நாளைக்கு நீங்களே உங்கள் கடைக்கோ சபாவுக்கோ இ-மெயில் செய்திமடல் தொடங்கலாம். கண்காட்சியில் சேர்ந்த விசிட்டிங் கார்டுகளைப் பட்டியலில் ஏற்றிவிடக் கை பரபரக்கும். துர்க் கையிலிருந்த முகவரிப் புத்தகத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? முகவரி கொடுத்தவர் கடிதம் கேட்கவில்லையே.

கேட்டவருக்கு மட்டும் அனுப்புங்கள். பெயர் பதிந்ததும், “நீங்கள்தானே கேட்டீர்கள்?” என்று ஒரு மெயில் அனுப்பி, ஆமாம் என்ற பிறகே பட்டியலில் சேருங்கள். விலகும் வழியை ஒளித்துவைக்காதீர்கள். மாதக்கணக்கில் திறந்தே பார்க்காதவர்களை நீங்களே நீக்கிவிடுங்கள். பட்டியல் பாதியாகும். பரவாயில்லை, மிச்சமிருப்பவர்கள் படிப்பார்கள்.