பனிக்கட்டி சுமந்த மரக்கலமும் ஹூக்ளியின் மண்தட்டுகளும்

1833 மே 12 அன்று பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ‘டஸ்கனி’ என்னும் பாய்மரக் கப்பல் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியுடன் கல்கத்தாவை நோக்கிப் புறப்பட்டது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரும் அப்பயணத்தில் நிலநடுக்கோட்டை இருமுறை கடந்தாக வேண்டும். நான்கு மாதங்கள் கழித்து, செப்டம்பரில், அது கல்கத்தாவை அடைந்தபோது சுமார் 100 டன் எஞ்சியிருந்தது. இந்நிகழ்வு பெரும்பாலும் ஃபிரெடரிக் டியூடர் என்ற வணிகரின் துணிச்சற்கதையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கூட்டாளிகளான சாமுவேல் ஆஸ்டினும் வில்லியம் ராஜர்ஸும் அக்கதையின் ஓரத்தில் நிற்கின்றனர். சரக்கறையை அமைத்த தச்சர்கள் ஓரத்திலும் இல்லை.

உண்மையில் வெப்பத்தை வென்றது அவர்களுடைய கைவேலைதான். பனிக்கட்டிக்கெனத் தனிக் கப்பல் எதுவும் கட்டப்படவில்லை. வழக்கமான மரக்கலத்தின் வயிற்றுக்குள் பலகைகளால் மற்றோர் அறை எழுப்பப்பட்டது. கப்பலின் புறச்சுவருக்கும் பனிக்கட்டிக்கும் நடுவே தோல் பதனிட்டபின் எஞ்சும் மரப்பட்டைச் சக்கை திணிக்கப்பட்டது, வைக்கோலும் பயன்பட்டது. பின்னாளில் மரத்தூள் அவ்விடத்தைப் பிடித்தது. மரம் அறுக்கும் ஆலைகள் வேண்டாமென ஒதுக்கிய கழிவு அது. பாளங்களை ஒரே அளவில் வெட்டி இடைவெளியின்றி அடுக்கியதற்கும் காரணம் உண்டு: தனித்தனிக் கட்டிகளைவிட ஒன்றாய் நெருங்கிய குவியலுக்குக் காற்றுப்படும் பரப்பு குறைவு. உருகிய நீரை வெளியேற்றுவதும் அதே அளவு முக்கியம். நனைந்த சக்கை வெப்பத்தைத் தடுக்காது.

கல்கத்தா அதுவரை பனிக்கட்டியையே அறியாத ஊர் என்று எண்ணிவிடலாகாது. அலகாபாத்தில் பனிக்கட்டி செய்யும் முறையை ராபர்ட் பார்க்கர் 1775இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் விவரித்துள்ளார். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, திறந்த வெளியில் ஆழமற்ற குழிகளை வெட்டி, கரும்புத் தட்டையையோ சோளத் தட்டையையோ பரப்பி, மெருகிடாத மண்தட்டுகளை வரிசையாக வைத்து, அந்தியில் நீர் ஊற்றுவர். நீர் ஆவியாவதாலும், தெளிந்த வானத்தை நோக்கித் தட்டு வெப்பத்தை இழப்பதாலும், விடியலுக்குள் மெல்லிய பனிப்படலம் உறையும். வங்காளத்தின் ஹூக்ளிப் பகுதியிலும் இத்தகைய பனிக்களங்கள் இருந்தன. அவற்றின் விளைச்சல் குழைவானது, மண் கலந்தது. பாஸ்டன் பாளத்தின் பளிங்குத் தெளிவு அதற்கில்லை. ஆயினும் அடிப்படை அறிவு ஒன்றே. அங்கே மரப்பட்டைச் சக்கை, இங்கே கரும்புத் தட்டை. ஒன்றைத் ‘தொழில்முனைவு’ என்றும் மற்றொன்றைச் ‘சுதேச வழக்கம்’ என்றும் பிரித்துப் பேசுவது ஆவணங்களை எழுதியவர்களின் பார்வையேயன்றி, தொழில்நுட்பத்தில் உள்ள வேறுபாடன்று.

ஐரோப்பியர் வீடுகளில் வெடியுப்புக் கரைசலால் பானங்களைக் குளிர்விப்பதற்கென்றே ‘ஆப்தார்’ எனும் பணியாளர் இருந்தார். ‘ஆப்’ என்றால் பாரசீகத்தில் நீர். வங்காளியின் ‘பொரோஃப்’ என்ற சொல்லும் பாரசீக ‘பர்ஃப்’ வழி வந்ததே. அமெரிக்கப் பனிக்கட்டி வந்திறங்கிய பின்னும் வங்காளி தன் பழைய சொல்லையே வைத்துக்கொண்டது.

கம்பெனி அரசு இச்சரக்குக்குச் சுங்கத்தை விலக்கியது. வெயிலைத் தவிர்க்க இரவில் இறக்கவும் இசைந்தது. தலைமை ஆளுநர் பெண்டிங்க் பிரபு ராஜர்ஸுக்கு வெள்ளிக் கோப்பை ஒன்றைப் பரிசளித்தார். வழக்கறிஞர் லாங்வில் கிளார்க் முன்னின்று திரட்டிய நன்கொடையால் நகரில் பனிக்கட்டிக் கிடங்கு எழுந்தது. கப்பலுக்குள் தச்சர் செய்ததையே கரையில் கொத்தர் பெரிதாகச் செய்தனர் எனலாம். சென்னைக் கடற்கரையில் 1842இல் கட்டப்பட்ட கிடங்கும் இவ்வணிகத்தின் கிளையே.

1878இல் பெங்கால் ஐஸ் கம்பெனி இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யத் தொடங்கியது. சில ஆண்டுகளில் பாஸ்டன் கப்பல்களின் வரவு நின்றது. கல்கத்தாக் கிடங்கு இடிக்கப்பட்டது. சென்னைக் கிடங்கு பின்னர் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் கைக்கு மாறியது. 1897இல் விவேகானந்தர் அங்குத் தங்கினார். இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. சுற்றுப்புறத்தை மட்டும் சென்னை மக்கள் இன்னும் ‘ஐஸ் ஹவுஸ்’ என்றே அழைக்கின்றனர். ஹூக்ளியின் மண்தட்டுகளுக்கு அப்படியொரு பேருந்து நிறுத்தம்கூட வாய்க்கவில்லை.