தம் நூலைத் தாமே வெளியிட்டோர்

நூல் எழுதியவர் பதிப்பகத்தாரை நாடாமலே அதனை வெளியிட்டுவிடலாம் என்னும் நிலை இன்று வந்துள்ளது. பத்துப் படி வேண்டின் பத்துப் படி அச்சிடலாம்; தாளே இன்றி மின்னூலாகவும் விடலாம். 2016 திசம்பரில் அமேசான் கிண்டில் தமிழ் நூல்களையும் ஏற்கத் தொடங்கிய பின், இதனைப் பெரும் புதுமையாகப் பேசுவோர் மிகுந்தனர். கருவி புதிது, வழக்கமோ பழையது. தமிழ் அச்சு நூல்களின் வரலாற்றில் பெரும்பகுதி, தம் கைப்பொருளைச் செலவிட்டவர்களின் வரலாறே ஆகும்.

அச்சு பரவுமுன் புலவர்க்கிருந்த வழி அரங்கேற்றம். புரவலர் வேண்டுவார், புலவர் பாடுவார், அவையில் அரங்கேறிய பின் பரிசில் கிடைக்கும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) தலபுராணங்கள் பலவற்றை இவ்வாறே பாடினார். இதற்கிடையே, இந்தியாவில் அச்சகம் வைக்க உரிமம் வேண்டியதில்லை, அறிவிப்புக் கொடுத்தாற் போதும் என்று 1835இல் சட்டம் வந்தது. அச்சுத் தொழில் நம்மவர் கைக்கு வரலாயிற்று.

கடலுக்கு இப்பால் யாழ்ப்பாணத்தில் அத்தொழில் மிசனரிமார் வசம் இருந்தது. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், மறு ஆண்டே தமிழகம் சென்று அச்சுப்பொறி வாங்கி வந்தார். பிள்ளைகளுக்கு ஏற்ற நூல் இல்லை. பிறர் எழுதி அச்சிட்டுத் தருவர் என்று அவர் காத்திருக்கவில்லை. பாலபாடங்கள் அவ்வாறு பிறந்தன. (பாடநூல் வரவில்லை என்று தவணை முடியுமட்டும் காத்திருந்த ஆசிரியர்கள் இதனை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.)

நிற்க. மகாவித்துவானின் மாணவர் உ. வே. சாமிநாத ஐயர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர், செல்வர் அல்லர். 1880 அக்டோபர் 21ஆம் நாள் சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டு பேசியதன் பயனாகச் சீவக சிந்தாமணி ஆராய்ச்சியில் இறங்கினார். நூலை அச்சிடப் பொருள் வேண்டுமே! அதற்கு அக்காலத்தார் கண்ட வழி 'கையொப்பம்'. நூல் வருமுன்னரே, 'வந்தால் வாங்குவேன்' என்று அன்பர்கள் கையெழுத்திட்டுத் தருவர். ஆசிரியர் பணியை விடாமலே, விடுமுறைகளில் சென்னைக்குச் சென்று அச்சுத்தாள் திருத்தினார் ஐயர். 1887இல் நூல் வெளிவந்தது. மடமும் சமீன்களும் உதவாமல் இல்லை. ஆயினும், ஆசிரியர் காலத்தில் புரவலர் ஒருவர் நின்ற இடத்தில், மாணவர் காலத்தில் வாசகர் பலர் வந்து நின்றனர். ஒரே தலைமுறையில் நிகழ்ந்த மாற்றம் இது.

அதற்கு விலையும் உண்டு. புலவர் வணிகரானார். தாள் வாங்குவதும், கடிதம் எழுதுவதும், நூற்கட்டு அனுப்புவதும், நிலுவை கேட்பதும் அவர் வேலையே. சி. வை. தாமோதரம் பிள்ளை அரசாங்க வரவு செலவுக் கணக்கு அலுவலகத்தில் பணி செய்தவர். இத்தொழிலின் வரவையும் செலவையும் கணக்கிட அறியாதவர் அல்லர். அறிந்தே 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் வெளியிட்டார். அதே 1887இல்தான் சிங்கப்பூரில் சதாசிவ பண்டிதரின் சிங்கைநகர் அந்தாதியும் அச்சேறியது.

இவர்களிடம் இன்னொன்றும் இருந்தது. சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907இல் வந்தபோது, தம் முதற்பதிப்பைத் தாமே திருத்தினார் ஐயர். மாலையில் எழுதி முடித்து இரவிலேயே நூலாக்கிவிடும் இக்கால எழுத்தாளர் சிலருக்கு அச்சுத்தாள் என்பதே தெரியாது. பதிப்பாளர் இல்லையென்றால் பிழை பார்க்கும் கண்ணும் இல்லை என்று ஆகிவிடக்கூடாதே!

பாரதியார் வரலாறு வேறு வகையானது. 1920இல் கடையத்தில் இருந்தபோது அவர் ஒரு திட்டம் வகுத்தார். தம் எழுத்துகளை 40 நூல்களாக்கி, நூலுக்குப் 10,000 படியாக 4 இலட்சம் படிகள் அச்சிட வேண்டும். முதலாக 20,000 ரூபாய் வேண்டும். அதனை நண்பர்களிடம் கடனாகக் கேட்டுக் கடிதம் விடுத்தார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் நூல்கள் வீடுதோறும் விலையாகும் என்று உறுதியாக நம்பினார். பணம் சேரவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார்.

அவருடைய நூல்களின் உரிமையைச் சென்னை அரசு 1949இல் பெற்றது. பின்னர் அவை எங்கும் பரவின. அவர் வாழ்நாளிலோ, பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் மட்டுமே 1912இல் வெளிவந்தது. அதில் சூதாட்டம் வரை உண்டு. துகிலுரிதலும் சபதமும் இரண்டாம் பாகத்தில் உள்ளவை. அது கையெழுத்துப் படியாகவே தங்கி, 1924இல்தான் அச்சேறியது. முதற்பாகத்தை வாங்கிய வாசகர், பாஞ்சாலி சபதத்தில் பாஞ்சாலியின் சபதத்தைக் காணப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தனர்.