'இம்யூனிட்டி' ஏறிக்கிட்டே போனா நல்லதா? காய்ச்சலுக்குப் பின்னால் ஒரு 'மெசேஜ்' கதை!

காய்ச்சல் வந்தா உடம்பு சுடுது, கை கால் வலிக்குது. 'எல்லாம் கிருமி பண்ற வேலை'ன்னு திட்டுறோம். உண்மையில், இதில் பெரும்பங்கு நம்ம நோய் எதிர்ப்பு செல்கள் அனுப்பும் 'மெசேஜ்'களால் வருவது.

யார் அனுப்புறாங்க?

கிருமி உள்ளே வந்ததும், நம் வெள்ளை அணுக்கள் சைட்டோகைன் எனப்படும் சிறு புரதங்களை வெளியிடும். அவற்றில் முக்கியமானது இன்டர்லூகின்-6, சுருக்கமா ஐ.எல்-6. இது ரத்தத்தில் எங்கே சுற்றினாலும், தனக்குப் பொருந்தும் ஏற்பி, அதாவது ரிசெப்டார் கிடைத்தால்தான் வேலை நடக்கும். பூட்டுக்கேத்த சாவி மாதிரி.

பூட்டு திறந்ததும்?

ஐ.எல்-6 வெளியிலிருந்தே ஏற்பியில் ஒட்டும். ஜி.பி-130 என்ற துணைப் புரதமும் சேர்ந்துகொள்ளும். உடனே செல்லுக்குள் இருக்கும் 'ஜாக்' நொதிகள் விழித்து, 'ஸ்டாட்-3' புரதத்தைத் தூண்டும். அது உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்கும்.

கல்லீரலுக்கு இந்தத் தகவல் போனால், சி.ஆர்.பி புரதம் தயாராகும். பிளட் டெஸ்ட் ரிப்போர்ட்டில் 'சி.ஆர்.பி அதிகம்'னு வருதே, அதேதான்! மூளைக்குப் போனால், புராஸ்டாகிளாண்டின் சுரந்து உடல் வெப்பம் ஏறும். பாராசிட்டமால் குறைப்பது இந்தப் புராஸ்டாகிளாண்டினைத்தான், கிருமியைக் கொல்லாது.

மெசேஜ் நிக்கலைன்னா?

வழக்கமா, 'சாக்ஸ்-3' என்ற புரதத்தை செல்லே தயாரித்து பிரேக் போட்டுடும். அதையும் மீறி மெசேஜ் குவிந்தால், அதுதான் 'சைட்டோகைன் புயல்'.

2012-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், ரத்தப் புற்றுநோய்க்கு 'கார்-டி' செல் சிகிச்சை பெற்ற சிறுமிக்கு இதுதான் நடந்தது. கடும் காய்ச்சல், வென்டிலேட்டர். ஐ.எல்-6 அளவு எக்கச்சக்கமா ஏறியிருந்தது. மூட்டுவாதத்துக்குத் தரும் டோசிலிசுமாப் மருந்தை டாக்டர்கள் கொடுத்தாங்க. சில மணி நேரத்திலேயே நிலைமை மாறியது. சிறுமி பிழைத்தாள்.

இந்த மருந்து ஐ.எல்-6 ஒட்டும் ஏற்பியை அடைத்துவிடும். சாவி இருக்கும், நுழைய துவாரம் இருக்காது. கொரோனா இரண்டாம் அலையில் இந்தியா முழுக்கத் தேடி அலைந்ததும் இதே மருந்தைத்தான்.

அப்போ 'இம்யூனிட்டி பூஸ்டர்'?

எதிர்ப்பு சக்தி, கூட்டிக்கிட்டே போற வால்யூம் பட்டன் இல்லை. அளவு மீறினா நம்ம உடம்பையே தாக்கும். மூட்டுவாதமே அதுக்கு உதாரணம். அதுக்காக, மெடிக்கலில் ஸ்டீராய்டு வாங்கி நீங்களே அடக்கவும் கூடாது. கிருமியோட போராடும் சக்தியும் சேர்ந்து குறையும். எப்போ அடக்கணும்னு டாக்டர் முடிவு பண்ணட்டும். மூணு நாளாகியும் காய்ச்சல் விடலையா, மூச்சு வாங்குதா? உடனே கிளம்புங்க!