பட்டத்துக்குப் பின் மருத்துவம்: இரண்டு விண்ணப்பங்கள்

பி.எஸ்சி. முடித்த ஒருவர் அதன் பிறகு டாக்டருக்குப் படிக்கப் போகலாமா? கேட்டால் பெரும்பாலானவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. நீட் தேர்வின் தகுதிப் பட்டியலில், பள்ளியில் அறிவியல் படித்து, பிறகு இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றில் இரண்டையாவது எடுத்துப் பி.எஸ்சி. தேறியவர்களுக்கென்று தனியாக ஒரு வரி இருக்கிறது. 2022இல் மேல் வயது வரம்பு நீங்கியது. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் மேலும் இறங்கி வந்தது: பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுக்காதவர்கூடப் பின்னால் அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் நீட் எழுதலாம் என்றது. ஆக, கணக்குப்பதிவியல் படித்துக் கடையில் உட்கார்ந்தவருக்கும் சட்டப்படி வழி இருக்கிறது. அந்த வழியில் அவரை யார் கைபிடித்து அழைத்துப் போவது என்பதற்குத்தான் விடை இல்லை.

அமெரிக்காவில் அதற்கென்றே ஒரு படிப்பு உண்டு. ‘போஸ்ட்பேக்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பட்டம் பெற்ற பிறகு மருத்துவமோ பல் மருத்துவமோ கால்நடை மருத்துவமோ படிக்க விரும்புகிறவர்கள், அதற்கு வேண்டிய அறிவியல் பாடங்களை ஓரிரு ஆண்டுகளில் கல்லூரியிலேயே படித்து முடிக்கும் ஏற்பாடு அது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் 1955இல் இதைத் தொடங்கியது. பிரின் மார், கௌச்சர் போன்ற சிறிய கல்லூரிகள் இதற்குப் பெயர் பெற்றவை. இன்று இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் இது நடக்கிறது. இந்த ஏற்பாட்டையும், நம் ஊரில் நீட்டை மறுமுறை எழுதத் தயாராகும், ‘ரிப்பீட்டர்’ என்று சொல்லப்படும் அந்த ஓராண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை. பார்க்கும் இடமாகத் திருவனந்தபுரத்தின் ‘சாலை’ கடைத்தெருவை எடுத்துக்கொள்கிறேன். காரணம் இருக்கிறது.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசன் உருவாக்கிய கடைத்தெரு சாலை. கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை பலசரக்கும் பாத்திரமும் பூவும் தங்கமும் விற்கும் இந்தத் தெருவில் தமிழ் பல தலைமுறைகளாக வீட்டு மொழி, வியாபார மொழி. தமிழ்வழிப் பள்ளியும் இங்கே இருக்கிறது. வடக்கே சில கிலோமீட்டரில் 1951இல் தொடங்கிய திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி. தெற்கே, எல்லை தாண்டி எழுபது கிலோமீட்டருக்குள், ஆசாரிப்பள்ளத்தில் 2001இல் வந்த கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி. இரண்டு மாநிலங்களின் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருபுறமும் இருக்க, நடுவில் வாழ்கிற பிள்ளைகள் இவர்கள். பிழைப்பு ஒன்று, மனம் வைத்த வேலை இன்னொன்று என்பதும் இந்தத் தெருவுக்குத் தெரியாததல்ல. இங்கே கடை நடத்திக்கொண்டே கதைகளும் நாவல்களும் எழுதிய ஆ. மாதவனுக்குச் சாகித்திய அகாதெமி விருது 2015இல் வந்தபோது அவர் எண்பதைக் கடந்திருந்தார்.

சாலையில் ஒரு மளிகைக் கடைக் கணக்கரின் மகளை மனத்தில் வைத்துக்கொள்வோம். விலங்கியலில் பட்டம் வாங்கிவிட்டாள். பள்ளி முடித்த ஆண்டில் நீட் எழுதினாள், இடம் கிடைக்கவில்லை, கிடைத்த பி.எஸ்சி.யில் சேர்ந்தாள். மூன்று ஆண்டு ஆய்வகத்தில் தவளையின் நரம்பு மண்டலம் வரை பார்த்த பிறகு, மருத்துவம்தான் வேண்டும் என்று இப்போது அவளுக்கு உறுதியாகத் தெரிகிறது. அதே வயதில் அமெரிக்காவில் ஒருவன் வரலாற்றில் பட்டம் பெற்று, இரண்டு ஆண்டு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்து, அங்கே அதே முடிவுக்கு வருகிறான். இருவரும் விண்ணப்பத்தைத் திறக்கிறார்கள்: அவன் போஸ்ட்பேக்குக்கு, அவள் நீட்டுக்கு.

அவனுடைய விண்ணப்பம் முதலில் அவன் கடந்து வந்த ஆண்டுகளைக் கேட்கிறது. கல்லூரி மதிப்பெண் பட்டியல் முழுவதும் வேண்டும். அவனை நன்றாகத் தெரிந்த ஆசிரியரோ மேலதிகாரியோ எழுதிய பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். ஏன் மருத்துவம், ஏன் இப்போது என்று அவனே எழுதிய கட்டுரை வேண்டும். நோயாளிகளுக்கு அருகில் எங்கே, எவ்வளவு காலம் இருந்தாய் என்ற கேள்வி உண்டு. பிறகு நேர்முகம். முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றிய இரண்டு ஆண்டுகளும் அங்கே அவனுக்கு ஆதரவாகப் பேசுகின்றன.

அவளுடைய விண்ணப்பம் கேட்பவை: பெயர், பிறந்த தேதி, வகுப்புப் பிரிவு, புகைப்படம், இரு கைகளின் விரல் ரேகைகள், தேர்வு மையம், வினாத்தாள் மொழி. மூன்று ஆண்டுப் பட்டப்படிப்பு அங்கே தகுதிக் குறியீடாக மட்டும் நிற்கிறது. அதில் அவள் எடுத்த மதிப்பெண் தரவரிசையில் ஒரு புள்ளிகூடச் சேர்ப்பதில்லை. மே மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் 720க்கு எவ்வளவு எடுக்கிறாள் என்பதுதான் எல்லாம். பதினேழு வயதுப் பையனுக்கும் அவளுக்கும் அந்த அறையில் வேறுபாடு இல்லை. கூடவே அவள் பள்ளிப் பாடத்தை விட்டு மூன்று ஆண்டு தள்ளி வந்திருக்கிறாள்.

வினாத்தாள் மொழி என்ற கட்டத்தில் சாலைக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. நீட் 13 மொழிகளில் நடக்கிறது. தமிழும் அதில் உண்டு. ஆனால் மாநில மொழி வினாத்தாள் அந்தந்த மொழிக்குரிய மாநில மையங்களில்தான் கிடைக்கும். கேரளத்து மையத்தில் மலையாளம் கிடைக்கும், தமிழ் கிடைக்காது. சாலையில் தமிழ்வழியில் படித்த பிள்ளை தமிழ் வினாத்தாள் வேண்டுமென்றால் எல்லை தாண்டித் தமிழ்நாட்டு மையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படிப் போய் எழுதினாலும், மருத்துவ இடங்களில் தமிழ்நாடு 2020இல் சட்டமாக்கிய 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு அவளுக்கு இல்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே அது. நாகர்கோவிலில் அதே பாடத்தை அதே மொழியில் அரசுப் பள்ளியில் படித்த அவளுடைய மாமன் மகளுக்குக் கிடைக்கும். அவளுக்குக் கிடைக்காது. இரண்டு அரசுகளும் இதைப் பற்றி உட்கார்ந்து பேச வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். குறைந்தது தமிழ் வினாத்தாளாவது திருவனந்தபுரத்தில் கிடைத்தாக வேண்டும்.

அடுத்து, அந்த ஆண்டு எப்படிக் கழிகிறது என்பது. போஸ்ட்பேக்கில் பொது வேதியியல், கரிம வேதியியல், உயிரியல், இயற்பியல் என்று ஆய்வகத்தோடு பாடங்கள் நடக்கும். ஒவ்வொன்றுக்கும் தரமும் கிரெடிட்டும் பல்கலைக்கழக முத்திரையோடு வரும். நடுநடுவே மருத்துவமனையில் தொண்டு, ஒரு டாக்டரின் பின்னாலேயே நின்று பார்ப்பது. பிறகு எம்கேட் என்னும் மருத்துவ நுழைவுத் தேர்வு. மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம் மே மாதம் திறக்கும். அந்த விண்ணப்பத்துக்குக் கல்லூரியின் ஆலோசகர் குழுவே அவனைப் பற்றி ஒரு கூட்டுக் கடிதம் எழுதித் தருவதுண்டு. சில கல்லூரிகள் குறிப்பிட்ட மருத்துவக் கல்லூரிகளோடு ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. நன்றாகப் படித்தவர் காத்திருக்காமல் நேரே சேர்ந்துவிடலாம்.

நம் ரிப்பீட்டர் பேட்ச் வேறு உலகம். கேரளத்தில் பாலாவும் திருச்சூரும் இதற்குப் பெயர் போன ஊர்கள், தமிழ்நாட்டில் நாமக்கல். விடுதியில் சேர்த்துவிட்டால் காலையிலிருந்து இரவு வரை வகுப்பு, பயிற்சித் தேர்வு, தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும் கணக்கு, மறுபடி பயிற்சித் தேர்வு. ஆய்வகம் இல்லை, நோயாளி இல்லை. அங்கே கற்பிக்கும் ஆசிரியர்களில் மிகச் சிறந்தவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் உயிரைக் கொடுத்துப் படிக்கிறார்கள். இருந்தும் அந்த ஆண்டு முடிவில் கையில் ஒரு எண் மட்டுமே மிஞ்சுகிறது. இந்தியக் கல்லூரிச் சேர்க்கைக்கு அந்த எண் அந்த ஆண்டோடு காலாவதியாகிவிடும். வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்குத்தான் மூன்று ஆண்டு செல்லும்.

எனக்கு இரண்டுக்கும் நடுவே உள்ள மிகப் பெரிய வேறுபாடு இதுதான். போஸ்ட்பேக் படித்து மருத்துவத்தில் இடம் கிடைக்காதவன் வெறுங்கையோடு வீடு திரும்புவதில்லை. அந்தக் கிரெடிட்டுகளைக் கொண்டு செவிலியம், பொதுச் சுகாதாரம், மருத்துவ உதவியாளர் படிப்பு என்று வேறு வாசலுக்குப் போக முடியும். இங்கே இடம் கிடைக்காத பிள்ளைக்கு அந்த ஓராண்டு வாழ்க்கைக் குறிப்பில் விளக்க வேண்டிய ஒரு வெற்றிடமாகிவிடுகிறது. இரண்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் அதே விடுதிக்கு அவர்கள் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். இதுவரை போட்டதைக் காட்ட ஒரு காகிதமாவது வேண்டுமே!

இந்த ரிப்பீட்டர் ஆண்டு இன்று விதிவிலக்கும் இல்லை. நீட்டின் விளைவுகளை ஆராயத் தமிழ்நாடு அரசு 2021இல் அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கையில், எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் மறுமுறை எழுதியவர்களின் பங்கு 2016-17இல் 12.47 விழுக்காடாக இருந்து 2020-21இல் 71.42 விழுக்காடாக உயர்ந்ததாகக் கணக்கு இருக்கிறது. பெரும்பாலோர் இரண்டாம் முறையில்தான் உள்ளே நுழைகிறார்கள் என்றால், இரண்டாம் முறைக்கான ஆண்டுதான் நம் மருத்துவக் கல்வியின் உண்மையான முதலாண்டு. அதை முழுக்கத் தனியார் பயிற்சி மையங்களிடம் விட்டிருக்கிறோம். கையில் பணம் இருப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஆண்டு கிடைக்கிறது. கணக்கர் மகளுக்கு நகையை அடகு வைத்தால் கிடைக்கும்.

அமெரிக்க ஏற்பாட்டைப் பார்த்து மயங்கிவிடவும் கூடாது. தனியார் கல்லூரியில் போஸ்ட்பேக்குக்கே பல பத்தாயிரம் டாலர் ஆகும். அதற்குப் பிறகு நான்கு ஆண்டு மருத்துவப் படிப்பு. கடன் வாங்கிப் படித்து வெளியே வரும் மருத்துவரின் சராசரிக் கடன் சுமார் இரண்டு லட்சம் டாலர் என்கிறார்கள். டாக்டரின் பின்னால் நின்று பார்க்க, முதலில் வீட்டுக்கு ஒரு டாக்டரைத் தெரிந்திருக்க வேண்டும். கட்டுரையைத் திருத்திக் கொடுக்கப் படித்த உறவினர் வேண்டும். நேர்முகத்தில் கூச்சமின்றிப் பேசும் பழக்கமும் பணமுள்ள வீட்டில்தான் எளிதாக வருகிறது. நம் நீட் எண் இவற்றைக் கேட்பதில்லை. யாருடைய மகள், யாரைத் தெரியும், எப்படிப் பேசுகிறாள் என்ற கேள்விக்கே இடமில்லை. சாலையில் மூட்டை சுமக்கும் தொழிலாளியின் மகள் வேண்டிய மதிப்பெண் எடுத்துவிட்டால், திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் அவளை ஒருவரும் தடுக்க முடியாது. கல்விக் கட்டணமும் ஆண்டுக்குச் சில பத்தாயிரம் ரூபாயில் முடிந்துவிடும். 2024இல் சுமார் 23 லட்சம் பேர் எழுதிய தேர்வில், ஏறத்தாழ 1.1 லட்சம் எம்.பி.பி.எஸ். இடங்களுக்கு, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச முடியுமா என்ற கேள்வியும் நியாயமானது. அரசுக் கல்லூரியின் குறைந்த கட்டணத்தையும் இட ஒதுக்கீட்டையும் விட்டுக்கொடுத்து வாங்க வேண்டிய எதுவும் அந்தப் பக்கத்தில் இல்லை.

ஆளைப் பார்த்துத் தேர்வது நம் மண்ணுக்கு அந்நியமும் இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி எழுத்துத் தேர்வில் முன்னணியில் வந்தவர்களை நேரில் வரவழைத்து, சில நாள் தங்க வைத்து, நேர்முகமும் பிற சோதனைகளும் நடத்தித்தான் சேர்த்தது. தேவாலயங்களின் பரிந்துரையில் வந்தவர்கள் படிப்பு முடிந்ததும் குறிப்பிட்ட காலம் பின்தங்கிய பகுதிகளின் மருத்துவமனைகளில் வேலை செய்வதாக உறுதி கொடுத்தார்கள். நீட் கட்டாயமானபோது, 2017இல் அந்தக் கல்லூரி 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒன்றை மட்டும் நிரப்பி மற்றவற்றைக் காலியாக விட்டது. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சிறுபான்மைக் கல்லூரிகளும் நீட்டுக்குள்தான் வர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வேலூரின் முறையை எல்லாக் கல்லூரிக்கும் விரித்திருந்தால் பரிந்துரையும் பணமும் புகுந்திருக்கும் என்ற அச்சம் எனக்கும் உண்டு. ஆனாலும் நோயாளியோடு உட்காரத் தெரிந்தவரைத் தேடிப் பிடிக்கும் ஒரு வழி நம்மிடம் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

மற்ற சுகாதாரத் துறைகளில் பாலங்கள் இப்போதும் இருக்கின்றன. ஜி.என்.எம். முடித்த செவிலியருக்கு இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் உண்டு. டி.பார்ம். முடித்தவர் பி.பார்ம். இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். முன்பு படித்ததற்கும் பார்த்த வேலைக்கும் மதிப்புத் தரும் ஏற்பாடுகள் இவை. எம்.பி.பி.எஸ்.ஸின் வாசலில் மட்டும்தான் பழையது அனைத்தையும் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்கிறோம்.

கேரளத்தில் 2024 ஜூலையில் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு கிரெடிட் முறையோடு தொடங்கிவிட்டது. அந்தச் சட்டகத்துக்குள்ளேயே மருத்துவ முன்படிப்பு என்று ஓராண்டை அரசுக் கல்லூரிகளில் வைக்கலாம். வழுதக்காட்டு அரசு மகளிர் கல்லூரியிலோ பல்கலைக்கழகக் கல்லூரியிலோ ஆய்வகம் இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் வஞ்சியூர் அருகிலுள்ள பொது மருத்துவமனையில் உதவிப் பணி, மற்ற நாட்களில் பாடமும் நீட் பயிற்சியும், முடிவில் சுகாதாரத் துறையில் வேலைக்கோ மேற்படிப்புக்கோ செல்லுபடியாகும் சான்றிதழ். நீட் எண்ணே சேர்க்கையைத் தீர்மானிக்கட்டும். அந்த எண் போதாமல் போனாலும் பிள்ளையின் ஆண்டு வீணாகாது. இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், சட்டத் திருத்தமும் வேண்டாம். ஒரு பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழு மனம் வைத்தால் போதும்.

அதுவரை கணக்கர் மகள் செய்ய வேண்டியவை சில உண்டு. பட்டச் சான்றோடு பன்னிரண்டாம் வகுப்புச் சான்றையும் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். சாதிச் சான்றும் நேட்டிவிட்டி சான்றும் வில்லேஜ் ஆபீசிலோ தாலுகா ஆபீசிலோ முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும், கடைசி வாரத்தில் அங்கே வரிசை நீளம். தமிழில் எழுதுவதென்றால் தேர்வு நகரத்தைத் தமிழ்நாட்டில் குறிப்பிட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, நீட் விண்ணப்பம் மட்டும் போதாது என்பது. கேரள அரசின் நுழைவுத் தேர்வு ஆணையரிடமும் அந்த ஆண்டுக்கான விண்ணப்பத்தைத் தனியே போட வேண்டும். அதைத் தவறவிட்டவர் எவ்வளவு மதிப்பெண் எடுத்தாலும் மாநிலத் தரவரிசையில் பெயர் வராது. சாலையில் பிள்ளையை நீட் எழுத வைக்கும் வீடுகளில் இதை இன்றைக்கே சொல்லி வையுங்கள்.