பூட்டிய பெட்டியும் படியெடுத்த ஏடும்

எங்கள் சமண மரபில் தானம் நான்கு வகைப்படும். உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம் என்பன அவை. சாத்திர தானம் என்றால் ஏட்டைப் படியெடுத்துப் பிறருக்கு வழங்குவது. 10ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் அத்திமப்பே என்ற அம்மையார், பொன்னர் இயற்றிய சாந்தி புராணத்தை 1,000 படிகள் எழுதச் செய்து வழங்கினார். நம் தமிழிலும் உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, கும்பகோணத்துச் சமணர்கள் தாம் வழிவழியாகப் படித்து வந்த பொருளை மறைக்காமல் அவருக்குச் சொன்னார்கள். படியெடுத்த ஏடு பிழைத்தது. பெட்டியில் பூட்டிய ஏடு செல்லரித்தது. இதுதான் ஏட்டின் வரலாறு.

ஏடு போய்க் கணினி வந்த காலத்திலும் இப்படி ஒரு தானம் நடந்தது. நம் பிள்ளைகள் படிக்கிற கேரள அரசுப் பள்ளிகளில் கணினி ஓடுவதே அதனால்தான். ஆகையால் அந்த வரலாறு நம் கஞ்சிக்கோட்டுக் குடும்பங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கணினிப் பெட்டியை வாங்கினால் மட்டும் போதாது. அதன் உறுப்புகளை வேலை வாங்க ஓர் இயங்குதளம் வேண்டும். 1991 தொடக்கத்தில் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தவணைக்கு ஒரு 386 கணினி வாங்கினார். ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டேனன்பாம் என்ற பேராசிரியர் பாடம் சொல்வதற்காக 1987இல் வெளியிட்ட மினிக்ஸ் என்ற தளத்தைத்தான் அவர் முதலில் பயன்படுத்தினார். அது அவருக்குப் பற்றவில்லை. தாமே ஒன்று எழுதத் தொடங்கினார்.

1991 ஆகஸ்ட் 25 அன்று, மினிக்ஸ் பயன்படுத்துவோர் கூடிப் பேசும் இணைய வட்டத்தில் ஒரு செய்தி விடுத்தார். பொழுதுபோக்காக ஒரு தளம் செய்கிறேன், பெரிதாக ஒன்றும் வராது, உங்களுக்கு என்னென்ன வசதி வேண்டும் என்று சொல்லுங்கள் என்பது அதன் சாரம். அப்போது அவருக்கு வயது 21. செப்டம்பரில் வந்த முதல் பதிப்பு சுமார் 10,000 வரி. அவர் மனதில் வைத்திருந்த பெயர் ‘பிரீக்ஸ்’. கோப்புகளை வைக்க இடம் கொடுத்த ஆரி லெம்கே என்ற நண்பர்தான் ‘லினக்ஸ்’ என்று பெயர் போட்டார். அதுவே நிலைத்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது ஒரு பையன் தனியாகக் கட்டிய வீடு அல்ல. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த ‘குனு’ திட்டத்தார் பல ஆண்டுகள் உழைத்துச் செய்து வைத்த கருவிகள் தயாராக இருந்தன. கருவி அவர்களுடையது, உட்கரு இவருடையது. இரண்டும் சேர்ந்தபோதுதான் முழுத்தளம் ஆயிற்று.

இனி நான் சொல்லப்போவது ஒரு வியாபாரிக்குச் சட்டென்று பிடிபடும். லினஸ் எழுதிய முதல் உரிமத்தில், இதை யாரும் காசுக்குக் கொடுக்கக் கூடாது என்று இருந்தது. கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் பிளாப்பியில் படியெடுத்துக் கொடுக்கிறவனுக்கு வட்டின் விலையாவது வர வேண்டாமா? கையிலிருந்து போட்டு எத்தனை நாள் கொடுப்பான்? அந்த நிபந்தனையை நீக்கும்படி சிலர் கேட்டார்கள். 1992 தொடக்கத்தில் அவர் குனுவின் பொது உரிமத்துக்கு மாறினார். இதன்படி காசு வாங்கலாம், தடை இல்லை. ஆனால் மூலநிரலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வாங்கியவர் திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். திருத்தி வழங்குபவரும் அதே உரிமையைக் கொடுத்தாக வேண்டும்.

ஆக, தடை காசுக்கு இல்லை, பூட்டுக்குத்தான். இலவசம் என்பதால் மட்டும் லினக்ஸ் வளரவில்லை, யாரும் பூட்ட முடியாது என்பதால் வளர்ந்தது என்பதே என் துணிபு. 1994 மார்ச்சில் 1.0 பதிப்பு வந்தபோது அது 1,76,250 வரியாகி இருந்தது. 2017 நவம்பர் கணக்குப்படி உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகள் அனைத்தும் லினக்ஸில்தான் ஓடின. நம் ஆண்ட்ராய்டு கைபேசிக்குள்ளும் அந்த உட்கருவே இருக்கிறது.

பூட்டினால் என்ன ஆகும் என்பதை நான் பட்டறிந்தேன். 1990களில் கடைக் கணக்கை ஒரு மென்பொருளில் ஏற்றி வைத்தேன். செய்து கொடுத்தவர் தொழிலை விட்டுப் போய்விட்டார். புதுக் கணினியில் அது திறக்கவில்லை. ஆறு வருஷக் கணக்கு என் கையில் இருந்தும் எனக்குப் படிக்கக் கிடைக்கவில்லை. என் தாத்தாவின் பேரேட்டை இன்றும் விரித்துப் படிக்கிறேன்!

கேரளம் இதை முன்கூட்டியே உணர்ந்தது எனலாம். 2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை ஸ்டால்மன் திருவனந்தபுரத்தில் தொடங்கி வைத்தார். ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் பள்ளிகளை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. அது 2017இல் ‘கைட்’ என்ற நிறுவனம் ஆயிற்று. பள்ளிகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் லினக்ஸில் இயங்குவதால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019இல் கைட் கணக்குச் சொன்னது.

நமக்கோ மிச்சப் பணத்தைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. மாநிலத்துக்கு வெளியே சிறு கூட்டமாக வாழும் நமக்குத் தமிழில் செய்து தந்தால் லாபம் வருமா என்று எந்தக் கம்பெனியும் முதலில் கணக்குப் பார்க்கும். பூட்டில்லாத மென்பொருளில் அந்தக் கணக்கே வேண்டாம். 2000ஆம் ஆண்டையொட்டி வெவ்வேறு நாடுகளில் இருந்த தமிழர்கள், சம்பளம் இல்லாமல், கே.டி.இ. என்ற லினக்ஸ் முகப்பைத் தமிழில் பெயர்த்தார்கள். யாரிடமும் அனுமதிக்குக் கை கட்டி நிற்கவில்லை.

இன்று நம் கஞ்சிக்கோட்டிலேயே ஐ.ஐ.டி. இருக்கிறது. தொழிற்பேட்டையில் கணினி தெரிந்த தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளிக் கணினியில் ஒரு தமிழ்ச் சொல் பிழையாக இருந்தால், குறை சொல்லிவிட்டுப் போகாமல், அதைத் திருத்தி எல்லோருக்கும் வழங்கட்டும். அதுவும் சாத்திர தானமே.